பயப்பட வேண்டிய படகு எது?

போன வருஷம் நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பர் ஒருவர், "ஏன் சார், ரிடையர் ஆகி நிம்மதியா இருக்க வேண்டிய வயசுல உங்களுக்கு இந்தப் படகு விபரீதமெல்லாம் தேவையா? பேரனை வேற ஏத்திக்கிட்டுப் போறீங்களாமே?" என்று கேட்டார். என் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சாம்பார் வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் அவரே தன் செல்போனை எடுத்து, அதற்கு முந்திய மாதம் நம் சங்கத்தார் ஓர் அணைக்கட்டுக்குச் சுற்றுலா போன படங்களைக் காட்டினார். அந்தச் சுற்றுலாவுக்கு நாங்கள் போகவில்லை. ஒரு படத்தில் மாடி வைத்த மோட்டார் படகு ஒன்றில் நம்மவர்கள் எல்லோரும் மேல்தளத்தில் நின்றுகொண்டு கையசைக்கிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கித் தலைகளை எண்ணினேன். வண்டி எண்ணிப் பழகிய பழக்கம், போகாது. 43 பேர். அதில் 14 குழந்தைகள். படகோட்டிக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. அவை ஆறு.

அன்றைக்கு அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நாளில் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஆசிரியரிடம் இரண்டு பக்கம் இடம் கேட்டு எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் தப்பான படகைப் பார்த்துப் பயப்படுகிறோம்; பயப்பட வேண்டிய படகில் குடும்பத்தோடு ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் என் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் படகு என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதில் பாதி, ஒர்க்‌ஷாப்பில் கார்பென்டரி பிரிவில் என்னோடு வேலை பார்த்து, இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கும் வங்காளி நண்பருடையது. ஊரே அவரை தாதா என்றுதான் கூப்பிடும். படகுக்கு மூன்று உடல்கள். நடுவில் 5 மீட்டர் நீளத்தில் ஒடிசலான படகு, இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல அலுமினியக் குழாய்கள், அவற்றின் நுனியில் ஆளுக்கொரு மிதவை. ஒரு பாய்மரம், 10 சதுர மீட்டர் பாய், ஒரு சுக்கான், வேண்டும்போது இறக்கிக்கொள்ளும் நடுப்பலகை. மோட்டார் கிடையாது. காற்று நின்றுவிட்டால் துடுப்பு. நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் 20 சென்டிமீட்டர் தண்ணீரில் மிதக்கும். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல் நனைந்தால் இறங்கி நிற்கலாம். இந்த வகைப் படகுக்கு ஆங்கிலத்தில் டிரைமரான் என்று பெயர்.

அந்தப் பெயரில் நம் வீட்டுச் சொத்து கொஞ்சம் இருக்கிறது. கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்தான் கேட்டமரான் ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி சோழமண்டலக் கரையில் பார்த்ததை எழுதிவைத்தார். பிற்பாடு மேல்நாட்டார் இரண்டு உடல் படகுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். 1940களில் யுக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் செட்செட் என்பவர் மூன்று உடல் படகு கட்டி, மூன்றைக் குறிக்கும் 'டிரை'யோடு நம் 'மர'த்தை ஒட்டவைத்து டிரைமரான் என்றார். இதைச் சொன்னால் நம்மவர்கள் உடனே, "பாத்தீங்களா, எல்லாம் நம்ம கண்டுபிடிப்பு" என்று மார் தட்டுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். நாகப்பட்டினத்துக் கரையில் சிறுவயதில் தினமும் பார்த்திருக்கிறேன். அலையை உடைத்துக்கொண்டு போக அதற்கு ஈடு கிடையாது. ஆனால் மூன்று உடல் படகின் அசல் முன்னோர்கள் பிலிப்பைன்ஸின் பங்காவும் பாலித் தீவின் ஜுக்குங்கும்தான். நடுவில் ஓடம், இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை. நம் நாட்டிலேயே நிக்கோபார்த் தீவுக்காரர்கள் ஒரு பக்கம் மட்டும் மிதவை வைத்த ஓடம் வைத்திருக்கிறார்கள். பெயர் நம்முடையது, வித்தை அவர்களுடையது. அதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டுக் கொல்லையில் பிளைவுட்டை வைத்து டிரைமரான் கட்டலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியவர் ஆர்தர் பைவர் என்ற அமெரிக்கர். 1960இல் அப்படிக் கட்டிய படகிலேயே அட்லாண்டிக்கைக் கடந்தவர். 1968இல் தனியாகக் கடலில் போனவர் திரும்பவே இல்லை. இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்துத்தான் என் மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கட்ட 14 மாதம் ஆயிற்று. வரைபடம் வெளிநாட்டு வடிவமைப்பாளர் ஒருவரிடம் பணம் கட்டி வாங்கியது. அதில் படகின் எடை 115 கிலோ என்று போட்டிருந்தது. எங்களுக்கு வந்து நின்றது 146. எங்கே தப்பு என்றால், பலகையில். அவர் சொன்ன இலேசான ஆப்பிரிக்க மரத்துப் பிளைவுட் இங்கே கடையில் கிடைக்கவில்லை. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் வாங்கினோம். நல்ல சரக்கு, தண்ணீருக்கு அசையாது, ஆனால் கனம். 8க்கு 4 அடி, 6 மில்லிமீட்டர் தகடு ஒன்று பன்னிரண்டரை கிலோ இருந்தது. அவர் கணக்கில் எட்டரைதான். போதாததற்கு தாதா, எபாக்ஸி பசையை சோபாவுக்கு வார்னிஷ் அடிப்பது போலத் தாராளமாகப் பூசினார். ரயில்வேக்காரனுக்குப் பலம் என்றால் கனம். ஒரு கோச்சில் ஐம்பது கிலோ கூடினால் யார் கேட்கிறார்கள்? இந்தப் படகில் ஒவ்வொரு கிலோவும் கேள்வி கேட்கும். இலேசாக இருந்தால்தான் இரண்டு கிழவர்கள் தூக்க முடியும், இலேசான காற்றிலும் நகரும், மணலில் இழுத்துப் போட முடியும். கனமாக இருந்தால் அது கொட்டகையிலேயே கிடக்கும். கொட்டகையில் கிடக்கும் படகால் குடும்பத்துக்கு என்ன பிரயோஜனம்?

இனி, ஏன் இது உறுதியானது என்பதற்கு வருகிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் இந்த இரண்டு பாராவைத் தாண்டிப் போகலாம். ஆனால் அணைக்கட்டுப் படகில் மேல்தளத்தில் நின்றவர்கள் தாண்டக் கூடாது.

நான் மீட்டர் கேஜில் வளர்ந்து பிராட் கேஜில் பென்ஷன் வாங்கியவன். 1000 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஆடுகிற ஆட்டம் 1676இல் கிடையாது என்பது உட்கார்ந்து பயணம் செய்தவர்களுக்கே தெரியும். கீழே அகலம், மேலே கனம் குறைவு: சாயாமல் நிற்பதற்கு இவ்வளவுதான் சூத்திரம். எங்கள் படகில் நடுவிலிருந்து மிதவை 1.6 மீட்டர் தள்ளி இருக்கிறது. மிதவை ஒவ்வொன்றும் 190 லிட்டர் கொள்ளும். அதாவது முழுக்க அமுங்கினால் 190 கிலோவைத் தாங்கித் தள்ளும். 190ஐ 1.6ஆல் பெருக்கினால் 304. சாய்வதை எதிர்த்து நிற்க அவ்வளவு பலம் கையிருப்பு. அதே நீளத்தில் ஒற்றை உடல் பாய்ப் படகாக இருந்தால், ஓட்டுகிற ஆள் விளிம்பில் மல்லாந்து தொங்கி எண்பது தொண்ணூறுதான் சம்பாதிக்க முடியும். முதுகுவலிக்காரன் என்ன செய்வான்? இதில் நான் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். மணிக்கு 28 கிலோமீட்டர் காற்று எங்கள் பாயை ஏறக்குறைய 45 கிலோ விசையோடு தள்ளுகிறது. அது தண்ணீருக்கு அடியில் உள்ள பலகைக்கு 2.8 மீட்டர் மேலே வேலை செய்வதால் கவிழ்க்கும் பலம் 126. கையிருப்பு 304, செலவு 126. நிம்மதியாகப் போகலாம். ஆனால் காற்று இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். செலவு 504 ஆகிவிடும். அந்தக் காற்று வருவதற்கு முன்பே பாயைச் சுருக்கியிருக்க வேண்டும், அல்லது கரையில் இருக்க வேண்டும்.

அணைக்கட்டுப் படகுக்கு வாருங்கள். 40 பேர், ஆளுக்கு 60 கிலோ, மொத்தம் 2400 கிலோ. அதுவும் உயரத்தில், அதுவும் கட்டிவைக்காத சரக்கு. யாரோ, "அங்க பாருங்க முதலை" என்கிறார். எல்லோரும் ஒரு மீட்டர் ஒரு பக்கம் நகர்ந்தால் ஒரே நிமிஷத்தில் 2400. எந்தக் காற்றும் தேவையில்லை. கற்பனை செய்து பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள்; கரையில் மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் நகர்ந்ததாக அப்போது செய்தி வந்தது. 2023 மே 7இல் கேரளத்துத் தானூரில் இன்னொரு மாடிப் படகு, 22 பேர். 2024 ஜனவரி 18இல் வடோதராவில் ஹர்ணி ஏரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். அந்தப் படகில் பல குழந்தைகளுக்கு ஜாக்கெட் இல்லை. வடோதரா செய்தியைப் படித்தபோது நம்மில் எத்தனை பேர் அழுதோம்! அந்த வருஷக் கடைசியில்தான் நம் சுற்றுலாப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது.

நம் போபாலிலேயே நடந்ததை மறந்துவிட முடியுமா? 2019 செப்டம்பர் 13, விடிவதற்கு முன், கட்லாபுரா காட்டில் பிள்ளையார் கரைக்கப் போன இளைஞர்கள் 11 பேர் சின்னத் தாலாப்பில் மூழ்கினார்கள். பெரிய விக்கிரகத்தை வைக்க இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அப்போதுதான் நான் ரிடையர் ஆகிச் சில மாதம். மறுநாள் காலை பேப்பர் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். இரண்டு படகைச் சேர்த்துக் கட்டுவது நல்ல யோசனைதான். தீவுக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், குறுக்குக் கட்டைகள் வளையாமல் பிடித்திருக்க வேண்டும், சுமை தாழ இருக்க வேண்டும். ஒட்டிக் கட்டி, மேலே உயரமான சிலையை வைத்து, அதை ஒரு பக்கம் தள்ளினால் இரண்டு படகும் சேர்ந்துதான் போகும். டிப்ளமாவில் இரண்டாம் வருஷம் படிக்கிற பாடம் இது. அதைத் தெரிந்த எத்தனையோ பேர் இந்த ஊரில் இருக்கிறோம். கரைக்குப் போய்ச் சொல்ல ஒருவர் இல்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் உடலிலாவது ஜாக்கெட் இருந்ததாக நான் படிக்கவில்லை.

என் படகைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது வியாபாரம். எங்களுக்கும் நடந்தது. 2024 மே மாதத்தின் நடுவில் ஒரு நாள். போபால் வெயில் தெரியும் உங்களுக்கு. காலை ஒன்பதரைக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். அன்று படா தாலாப்பில் காற்று அருமையாக இருந்ததால் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று பதினொன்றரை ஆகிவிட்டது. மேற்கே வானம் பழுப்பாவதை தாதாதான் முதலில் பார்த்தார். ஆந்தி வருகிறது என்று தெரிந்தும் நான் பாயைச் சுருக்காமல், வேகமாகக் கரையைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதைவிடப் பெரிய தப்பு, கை வலிக்கிறது என்று பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் கொக்கியில் கட்டிவைத்திருந்தேன். காற்று பின்பக்கவாட்டில் அடித்தது. இடப்பக்க மிதவையின் மூக்கு தண்ணீருக்குள் போனது. அது போனதும் படகு பிரேக் போட்ட மாதிரி நின்று, மூலைவாட்டில் அப்படியே தலைகுப்புற விழுந்தது. மூன்று விநாடி இருக்கலாம். கயிற்றை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று உடல் படகு நிமிர்ந்து நிற்பதில் எவ்வளவு உறுதியோ, கவிழ்ந்து கிடப்பதிலும் அவ்வளவு உறுதி. ஒற்றை உடல் சின்னப் படகை ஓர் ஆள் நடுப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்திவிடலாம். எங்கள் இருவரால் இதை அசைக்கக்கூட முடியவில்லை. ஆனால் மூன்று உடலும் அடைத்த அறைகள் ஆனதால் முழுகாது. அடிப்பாகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தோம். புழுதியில் கரை தெரியவில்லை. உட்கார்ந்திருந்தது நாற்பது நிமிஷம். காற்று தணிந்ததும் மீன்பிடிக்கிற பையன் ஒருவன் தன் சின்ன மரப்படகில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டான். "தாத்தாஜி, இந்த நேரத்துல யாராவது தாலாப்புக்கு வருவாங்களா?" என்று இந்தியில் கேட்டான். எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. நாங்கள் உயிரோடு இருந்ததற்குக் காரணம் படகின் உறுதியும் இல்லை, என் கணக்கும் இல்லை. கரையிலேயே மாட்டி, பட்டை இறுக்கி, கவட்டுப் பட்டை போட்டிருந்த ஜாக்கெட்.

வீட்டில் நடந்ததை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதினால்தான் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம்.

எங்கள் பேரன் ஜாதகத்தில் நீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டு வயது வரைக்கும் நீர்நிலைப் பக்கம் போகக் கூடாது என்று ஜோசியர் சொன்னதை என் மனைவி பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கவிழ்ந்து வந்த அன்று, ஈரத் துணியைக்கூட வாங்காமல், "நீங்க போனா நான் தாங்கிக்குவேன். பையனைக் கூட்டிட்டுப் போறேன்னு இனிமே வாயைத் திறக்காதீங்க" என்றாள். ஒரு வாரம் அதற்கு மேல் பேச்சில்லை.

அவள் பயம் எனக்குப் புரியாதது இல்லை. 1967 ஆடி மாதத்தில் என் அண்ணன் எங்கள் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தில் போனான். அவனுக்குப் பதினொன்று, எனக்கு ஒன்பது. நாலாவது படியில் பாசி. நான் இரண்டாவது படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் நீந்தத் தெரியாது, சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதன் பிறகு அம்மா என்னைக் கிணற்றடிக்குக்கூட விட்டதில்லை. ஆற்றுக்கு விடவில்லை, கடலுக்கு விடவில்லை, பாலிடெக்னிக்கில் நண்பர்கள் கடற்கரைக்குப் போனால் நான் மணலில் செருப்புக் காவல். அந்தப் பயத்தோடு வேலைக்கு வந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அவனையும் நீந்த விடாமல் வளர்த்து, அறுபது வயதும் ஆயிற்று. என் அண்ணனின் ஜாதகத்தை அம்மா கடைசி வரை பெட்டியில் வைத்திருந்தார்கள். அதில் கண்டம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நம்மவர்கள் வீட்டில் எல்லாம் இதே கதைதான். ஊரில் இருந்திருந்தால் குளமோ வாய்க்காலோ யாராவது தள்ளிவிட்டாவது நீந்தப் பழகியிருப்போம். பிழைக்க வந்த இடத்தில் பிப்லானி குவார்ட்டர்ஸில் ஏது குளம்? பிள்ளைகளுக்கு கீபோர்ட் கிளாஸ் உண்டு, அபாகஸ் உண்டு, ஐஐடி கோச்சிங் உண்டு. நீச்சல் மட்டும், "எதுக்கு, சளி பிடிக்கும்". தண்ணீரில் மூழ்கி நாட்டில் வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்கும் மேல் சாகிறார்கள் என்று அரசாங்கத்தின் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குக் கொடுக்கிறது. தண்ணீரை விட்டு விலகி இருந்தால் தப்பலாம் என்பது ஒரு வழியென்றால், நாம் அதையாவது ஒழுங்காகச் செய்கிறோமா? விடுமுறை வந்தால் படகு, நதிக்கரை, அருவி. நீந்தத் தெரியாத குடும்பம் மொத்தமாகத் தண்ணீருக்குப் போகிறது.

நான் 63 வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்த பையனுக்கு என் பேரனைவிடப் பத்து வயதுதான் அதிகம் இருக்கும். முதல் இரண்டு வாரம் குளத்துக் கம்பியை விட்டு என் கை வரவில்லை. நாலாவது படியில் பாசி இருக்கிறதா என்றே கால் தேடியது. மூன்றாவது மாதம் ஒரு நீளம் போனேன். படகு யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

மே மாத விபத்துக்குப் பிறகு வீட்டில் முட்டுக்கட்டையை எடுத்தது என் மருமகள். "மாமா, படகு இருக்கட்டும். முதல்ல அவனுக்கு நீச்சல் சொல்லிக்குடுங்க. அதுக்கு அத்தையும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க" என்றாள். அத்தை வேண்டாம் என்றுதான் சொன்னாள், ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். நாங்கள் படகிலும் மாற்றங்கள் செய்தோம். பாய்மர உச்சியில் 25 லிட்டர் மிதவை ஒன்று மாட்டினோம். இனி சாய்ந்தாலும் பக்கவாட்டில் கிடக்குமே தவிர எளிதில் தலைகீழாகப் போகாது. கயிறு கட்டும் கொக்கியை அறுத்து எறிந்தேன். கயிறு இனி எப்போதும் கையில்தான். மே, ஜூனில் படகு கொட்டகையை விட்டு வெளியே வராது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலையில், குளிர்காலத்து மெல்லிய காற்றில் மட்டும்.

அந்த டிசம்பரில் பேரன் ஏறினான். நம்மவர்கள் அணைக்கட்டுக்குப் போன அதே மாதம்தான். கரையோரம் ஆழம் இடுப்பளவு இருக்கிற இடத்தில், ஜாக்கெட்டோடு முதலில் அவனைத் தண்ணீரில் குதிக்கச் சொன்னேன். குதித்து, மிதந்து, தானே மிதவையைப் பிடித்து ஏறினான். மூன்று முறை செய்த பிறகுதான் பாயை விரித்தோம். நடுத் தாலாப்புக்குப் போனதும் சுக்கானை அவன் கையில் கொடுத்தேன். ஒரு பக்கம் வன் விஹார் காடு, எதிரே ராஜா போஜ் சிலை, மோட்டார் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் இல்லாததற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்: போஜ் ஈரநிலத்தில் மோட்டார் படகுகளை நிறுத்தச் சொல்லி 2023 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் டீசல் எதற்கு? நம் அன்பர்கள் சிலர், "பாவம், க்ரூஸ் போச்சே" என்று வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தமில்லை.

பேரன் கொஞ்ச நேரத்தில் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டான். "தாத்தா, அங்க தண்ணி கறுப்பா சுருங்குது, காத்து வருது, கயித்தை விடுங்க" என்றான். நான் பார்ப்பதற்கு முன்பே அவன் பார்த்துவிட்டான். மே மாதத்தில் எனக்கு இல்லாத கவனம். மாடிப் படகில் டிக்கெட் வாங்கி ஏறுகிற குழந்தைக்கு இது கிடைக்காது. அங்கே அவன் சரக்கு. இங்கே தன் உயிருக்கும் பக்கத்தில் இருப்பவன் உயிருக்கும் தானே பாதிப் பொறுப்பு.

எல்லோரும் படகு கட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆயிற்று, தாதாவின் முழங்கையில் தையல் வேறு. பாய்ப் படகு கற்றுக்கொடுக்கிற இடம் நம் ஊரிலேயே உண்டு, பிள்ளைகளைச் சேர்க்கலாம். அதுகூட இரண்டாவது. நான் கேட்பது நம் சங்கத்தால் முடிகிற காரியம்.

இந்த வருஷமும் டிசம்பரில் சுற்றுலா உண்டு என்று அறிவிப்பு வந்திருக்கிறது. நர்மதைக் கரை என்கிறார்கள். படகுச் சவாரி வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆகவே சங்கப் பணத்தில் 40 லைஃப் ஜாக்கெட் வாங்குவோம். பாதி குழந்தைகள் அளவு. நீந்தத் தெரியாதவர்களுக்கு 100 நியூட்டன் என்று எழுதியது வேண்டும். 50 என்று இருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு. குழந்தைகளுடையதில் கவட்டுப் பட்டை இல்லாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; பட்டை இல்லாத ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். ஜாக்கெட் மாட்டாதவர் யாராக இருந்தாலும், தலைவராகவே இருந்தாலும், கரையில் நிற்கட்டும். மாடிப் படகு வேண்டாம். படகில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு தலை ஏறக் கூடாது. எழுதியே இல்லாவிட்டால் ஏறவே கூடாது. எண்ணுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நாற்பது வருஷம் அதைத்தான் செய்தேன்.

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், செலவு அதிகம் என்று பொருளாளர் சொல்வார். அதற்கு முதல் நன்கொடையாக ஒரு கவர் என்னிடம் வந்துவிட்டது. ஒரு ஜாக்கெட்டுக்கான பணம், என் மனைவியின் கையெழுத்தில், 'பெரியவர்கள் அளவு, ஒன்று' என்று எழுதியிருக்கிறது. நான் கொஞ்சம் சந்தோஷமாக அவளைப் பார்த்தேன்.

"சங்கத்துக்குத்தான் குடுத்தேன். உங்க படகுல நான் ஏறப் போறதில்லை" என்றாள்.